வாகன ரெக்சின் என்று விற்ற துணி நான்கே மாதத்தில் உரிகிறது

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த பிப்ரவரியில் உங்கள் கடையில் 6 மீட்டர் பழுப்பு ரெக்சின் வாங்கினேன். மீட்டர் 22 வெள்ளி, மொத்தம் 132 வெள்ளி. ‘வாகன இருக்கைக்கான பிவிசி ரெக்சின்’ என்று ரசீதிலேயே இருக்கிறது. இப்போது ஜூன். மேல்தோல் செதில் செதிலாக உரிந்து, உட்காருபவர் உடையில் ஒட்டுகிறது.

அது என் அப்பா ஓட்டிய 1974 மாடல் டட்சன் 620 பிக்கப்பின் இருக்கை. ஒரே நீள இருக்கை. அம்மாவும் நானும் அவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துதான் தேக்கா சந்தைக்குப் போவோம். வண்டி சுங்கே காடுட்டில் நண்பரின் பட்டறையில் நிற்கிறது. இருக்கையை மட்டும் கழற்றி ஈசூன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய உறையைப் பிளேடால் தையல் தையலாகப் பிரித்து, அந்தத் துண்டுகளையே அளவாக வைத்துப் புதிய துணியை வெட்டினேன். நைந்த ஸ்பாஞ்சை மாற்றி, ஓரத்துக்குப் பைப்பிங் (உருண்டைக் கரைப்பட்டி) கொடுத்துத் தைத்தேன். அப்புறம் மூலைகளுக்கு ஹேர் டிரையரால் சூடு காட்டி இழுத்து, கம்பி வளையங்களால் சட்டத்தில் இறுக்கினேன். ரெக்சினில் ஊசி குத்திய ஓட்டை மறையாது. ஒரு தையல் தப்பினால் அந்தத் துண்டே வீண். வேலை முடிந்து வந்து, மூன்று வாரம் இரவில் உட்கார்ந்து செய்தேன். முடிந்த அன்று அம்மா அதில் உட்கார்ந்து, அப்பா உட்காரும் பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். இன்று உரிவதும் அந்தப் பக்கம்தான்.

தொலைபேசியில் சொன்னபோது, “வெயிலில் வைத்திருப்பீர்கள்” என்றார் உங்கள் ஊழியர். இருக்கையைத் திரும்பப் பூட்டிய வண்டி கூரைக்குக் கீழேதான் நிற்கிறது. அதைவிட, மிச்சமான அரை மீட்டரைச் சுருட்டி வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன். யாரும் உட்காராத, வெயிலே படாத அந்தத் துண்டும் மடிப்பில் உரிகிறது.

பாலியூரித்தேன் பூச்சுள்ள செயற்கைத் தோலுக்குத்தான் இப்படி ஆகும். காற்றின் ஈரம் அந்தப் பூச்சை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். பிவிசிக்கு அந்தக் கோளாறு கிடையாது. சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்காகத்தான் நான் பிவிசி என்று கேட்டு வாங்கினேன். நீங்கள் கொடுத்தது வேறு சரக்கு, அதுவும் பழைய இருப்பு என்றே நினைக்கிறேன்.

துணிக்கான 132 வெள்ளியையும், உங்களிடமே வாங்கிய நூல், பசைக்கான 38 வெள்ளியையும் திருப்பித் தாருங்கள். அதே சுருளிலிருந்து வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். இன்னும் தைக்காமல் வைத்திருப்பவராவது தப்பிக்கட்டும்.

2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியவர் விற்றவர். 14 நாளில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடமும், தேவைப்பட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திடமும் போவேன்.

ரசீது நகல், படங்கள், உரிந்த துண்டு ஒன்று இணைத்துள்ளேன். அலமாரியில் இருந்த அரை மீட்டரை நேரில் கொண்டுவந்து காட்டவும் தயார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஈசூன்