குழாய் வரும்வரை எங்கள் கிணறுகளைப் பாருங்கள்: பிரதேச சபைத் தவிசாளருக்கு ஒரு மனு

மதிப்புக்குரிய தவிசாளர் ஐயாவுக்கு,

வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து, எங்கள் வட்டாரத்துக் குடும்பங்கள் சார்பில் எழுதுகிறேன். விஷயம் குடிதண்ணீர். போன பங்குனியில் நாலைந்து பேர் நேரில் வந்து சொன்னோம். "அது எங்கட வேலையில்லை, நீர் வழங்கல் சபையிடம் போங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை, அதனால்தான் இந்த முறை எழுத்தில் தருகிறோம்.

குழாய் போடுவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் வேலை என்பது எங்களுக்கும் தெரியும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் சுத்திகரித்து நகரத்துக்கு வருவதும் அவர்களால்தான். எங்கள் ஊருக்கு அந்தக் குழாய் எப்போது வரும் என்று உங்களைக் கேட்டு நெருக்கப் போவதில்லை. ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பொதுச் சுகாதாரத்தையும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும் கவனிக்கும் பொறுப்பைச் சபையிடம்தான் கொடுத்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் குடித்து ஒரு ஊருக்கே வயிற்றோட்டம் வந்தால் அது பொதுச் சுகாதாரம் இல்லாமல் வேறென்ன, ஐயா?

இங்கே கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் கிணறுகள் சவராகிவிடும். ஆனி, ஆடியில் வாளியால் அள்ளிக் கையில் ஊற்றினால் சோப்பு நுரைக்காது, தேத்தண்ணி போட்டால் சீனியும் உப்பும் சேர்ந்து ஒரு மாதிரி இருக்கும், பிள்ளைகள் ஒரு வாயோடு வைத்துவிடுவார்கள். காரணம் ஒளிவுமறைவில்லை. மணலுக்குள் மழைத் தண்ணீர் கடல் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டுதான் நிற்கிறது. அந்த நல்ல தண்ணீரின் மட்டம் ஒரு அடி இறங்கினால், கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலேறலாம் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. முன்பு துலாவிலும் வாளியிலும் அள்ளினோம், கிணறு தாங்கியது. இப்போது வீட்டுக்கு வீடு மோட்டார், விருந்தினர் விடுதி என்றால் இரண்டு மூன்று மோட்டார், இரவு பகலாக ஓடுகிறது. விடுதிக்குக் கட்டட அனுமதி கொடுப்பதும் வியாபார உரிமம் கொடுப்பதும் சபைதான் என்பதால், எவ்வளவு இறைக்கலாம் என்று அங்கேயே ஒரு நிபந்தனை போட முடியாதா என்று கேட்கிறோம்.

உப்பையாவது நாக்கு கண்டுபிடித்துவிடும். மலசலகூடக் குழியிலிருந்து வருவதை நாக்கு கண்டுபிடிக்காது. கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 50 அடி இருக்கவேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் காணிகள் பிரிந்து பிரிந்து சின்னதாகிப் போனதில் அந்த 50 அடி எங்கும் கிடையாது. என் வளவிலேயே அளந்து பார்த்தேன், பக்கத்து வீட்டுக் குழிக்கு 22 அடிதான். மணலில் தண்ணீர் வேகமாக ஓடும், கிருமியும் அதோடு ஓடும். கிருமியைக் கொதிக்க வைத்துக் கொன்றுவிடலாம், சரி. கழிவிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் நைத்திரேற்றை என்ன செய்வது? கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றி அது இன்னும் செறிவாகும், அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. எங்கள் கிணறுகளில் எவ்வளவு என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அதனால் முதலில் கேட்பது பரிசோதனை. ஒவ்வொரு பொதுக் கிணற்றிலும், ஐந்தாறு வீடுகள் பாவிக்கும் பங்குக் கிணறுகளிலும், வருடத்தில் இரண்டு தடவை, மாரி முடிந்த கையோடு ஒருமுறை, கச்சானில் ஒருமுறை, பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு சேர்ந்து மாதிரி எடுத்து அனுப்புங்கள். முடிவைக் கோப்பில் வைக்காமல் கிணற்றுக் கட்டிலேயே தமிழில் எழுதிப் போடுங்கள், குடிக்கலாம், குளிக்க மட்டும், என்று. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம்தான். ஆனால் தண்ணீர் அள்ள வரும் அம்மா ஒவ்வொருவரும் விண்ணப்பம் எழுதவேண்டும் என்பது நியாயமில்லை.

அப்புறம் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி. வருகிறது, அதற்கு நன்றி, மனதாரச் சொல்கிறோம். ஆனால் எந்த நாள் வரும் என்று தெரியாமல் பெண்கள் கூலி வேலையை விட்டுவிட்டுக் குடத்தோடு காத்திருக்கிறார்கள். சந்தியில் நிற்கும் 1000 லீற்றர் கறுப்புத் தாங்கியின் மூடி போன வருடக் காற்றில் பறந்தது, இன்னும் தகரத் துண்டும் கல்லும்தான் மூடி. சென்ற வாரம் ஏறிப் பார்த்தேன். உள்பக்கம் கை வைத்தால் வழுக்கும் அளவுக்குப் பாசி, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சேறு, ஒரு பல்லி செத்து மிதந்தது. பவுசரின் குழாய் நுனி நிலத்தில் இழுபட்டு வந்து நேரே தாங்கிக்குள் போகிறது. எவ்வளவு நல்ல தண்ணீர் கொண்டுவந்தாலும் இந்தத் தாங்கியில் விழுந்தபின் அது நல்ல தண்ணீர் இல்லை. ஒரு மூடி, மாதம் ஒருமுறை கழுவுதல், குளோரின் அளவு பார்க்க ஒரு சின்னப் பெட்டி, கிழமைக்கு இரண்டு நிச்சயமான நாள். இதற்குப் பெரிய நிதி தேவைப்படாது என்று நம்புகிறோம். கழுவுவதற்கு ஆள் இல்லை என்றால் எங்கள் இளைஞர்கள் வருவார்கள், பேசிவிட்டேன்.

அடுத்த வருடப் பாதீடு மார்கழிக்குள் சபைக்கு வரும். அதில் குடிநீர்ப் பரிசோதனைக்கென்று தனியாக ஒரு ஒதுக்கீடு இருக்கவேண்டும் என்பதே எங்கள் பிரதான கோரிக்கை. அந்த அமர்வுக்கு முன் ஒரு நாள் நீங்களும் செயலாளரும் ஊருக்கு வாருங்கள். மத்தியானத்துக்கு மேல் வந்தால் கிணறு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கலாம், தாங்கிக்கு ஏற ஏணி நாங்கள் வைத்திருப்போம்.

கையொப்பங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. பதிலை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
வட்டாரக் குடும்பங்கள் சார்பில்