ஜிப்பில் காணாமல் போகும் மாணவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் என்ற நிரல்மொழி படிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு பட்டியல்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்துத் தரும் ஜிப் என்ற சின்னக் கருவி பைத்தானிலேயே இருக்கிறது, அருமையான விஷயம், ஆனால் அதன் ஆபத்தையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

ஒரு பட்டியலில் கவிதா, முருகன், பாத்திமா, ஜான் என்று நாலு பெயர். இன்னொன்றில் 78, 91, 64 என்று மூன்றே மதிப்பெண். ஜிப் செய்தால் மூன்று ஜோடி வரும், ஜான் காணாமல் போவார், பிழைச் செய்தி ஒன்றுமே வராது. அதைவிட மோசம், விடுபட்டது உண்மையில் முருகனின் மதிப்பெண் என்றால் பாத்திமாவின் 91 முருகனுக்குப் போய்விடும், பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்!

2021-இல் வந்த பைத்தான் 3.10 பதிப்பில் இதற்கு வழி செய்துவிட்டார்கள். ஜிப்பின் அடைப்புக்குறிக்குள் ஸ்ட்ரிக்ட்=ட்ரூ (strict=True) என்று சேர்த்தால் போதும், நீளம் ஒத்துவராத இடத்தில் வேல்யூஎரர் என்ற பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். ஒரு பட்டியல் குறைவது தெரிந்தே இருந்தால், பைத்தானோடு வரும் இட்டர்டூல்ஸ் என்ற கருவித் தொகுப்பில் உள்ள ஜிப்_லாங்கஸ்ட், காலி இடத்தில் நாம் சொல்வதை நிரப்பும்.

பழைய நிரல்கள் உடையக்கூடாது என்பதால் ஸ்ட்ரிக்ட் தானாக வராது, நாம்தான் எழுத வேண்டும். செய்முறை வகுப்பில் முதல் நாளே அப்படி எழுதப் பழக்குங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர், திருநெல்வேலி