எரிபொருள் வடிகட்டியைத் திறந்து பாருங்கள்: விபத்துப் புலனாய்வு அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

எங்கள் நண்பர் தம் கையால் கட்டிய விமானம் விழுந்து அவர் உயிரிழந்த விபத்தைப் பற்றிய தங்கள் அறிக்கை, ‘விமானியின் தவறு’ என்று முடிகிறது. வேகம் குறைந்ததால் விமானம் நிலைகுலைந்தது என்கிறீர்கள். வேகம் ஏன் குறைந்தது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

சிதைவுகளைப் பார்க்க அனுமதி கிடைத்த அன்று, அவருடைய மனைவியுடன் நாங்களும் வந்திருந்தோம். மரப் புரொப்பெல்லரின் ஒரு பக்கம் முறிந்திருந்தது. மறுபக்கம் கீறல்கூட இல்லாமல் முழுதாக இருந்தது. இன்ஜின் முழு விசையில் சுழலும்போது தரையில் மோதியிருந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சிதறியிருக்கும். அப்படியென்றால், விழுவதற்கு முன்பே இன்ஜின் விசை இழந்திருக்கலாம். எரிபொருள் வடிகட்டியின் மூடியில் அவர் முறுக்கிய பாதுகாப்புக் கம்பி அப்படியே இருந்தது. அதாவது, அதை யாரும் திறக்கவே இல்லை. “இதைப் பார்க்காமலே அவர்மேல் எப்படிப் பழி போட்டார்கள்?” என்று அந்த அம்மா கேட்டபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

கண்ணாடியிழைத் தொட்டியில் தங்கிவிடும் பிசின் துணுக்குகள் வடிகட்டியை அடைக்கும். தொட்டியின் காற்றுத் துளை அடைபட்டாலும், சூடான இன்ஜினை ஒட்டிச் செல்லும் குழாயில் பெட்ரோல் ஆவியானாலும் இன்ஜின் திணறும். கார்புரேட்டரில் உறைந்த பனியோ உருகித் தடயமின்றிப் போய்விடும். அதற்கு அன்றைய வெப்பநிலையும் ஈரப்பதமுமே சாட்சி. அவையும் தங்கள் அறிக்கையில் இல்லை.

1997இல் அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், வேறொரு தனி மனிதர் கட்டிய விமானத்தை ஓட்டியபோது இறந்த விபத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விமானியின் கவனம் சிதறியதைச் சொன்னதோடு நிற்கவில்லை. விமானத்தைக் கட்டியவர் எரிபொருள் வால்வின் கைப்பிடியை எளிதில் எட்டாத இடத்தில், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்ததையும் காரணங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. அதே வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை விமானங்களை முதன்முறை பறக்கவிடுமுன் எரிபொருள் அமைப்பைச் சோதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பயணிகள் விமானமாக இருந்திருந்தால் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிப் பார்த்திருப்பீர்கள். தனி மனிதர் கட்டியது என்பதற்காக அவருடைய உயிருக்கு ஒரு ஸ்பேனர்கூடவா எடுக்கக் கூடாது? இதே வடிவமைப்பில் இன்று விமானம் கட்டிக்கொண்டிருப்பவர்கள், ‘விமானியின் தவறு’ என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு எந்தக் குழாயைச் சரிபார்ப்பார்கள்?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிதைவுகளைப் பழைய இரும்புக்கு அனுப்பிவிடாமல், வடிகட்டி, கார்புரேட்டர், எரிபொருள் குழாய்கள், கட்டுப்பாட்டுத் தண்டுகளின் இணைப்புகள் ஆகியவற்றை அவருடைய குடும்பத்தார் முன்னிலையில் திறந்து ஆய்ந்து, அறிக்கையைத் திருத்தி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அவருடன் விமானம் கட்டிய நண்பர்கள்