வாத்து படம் போட்டீங்க சார், மீதி கதையையும் போடுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம். போன ஞாயிறு இணைப்புல போராட்டங்கள்ல தூக்கின வேடிக்கையான பதாகை, வேஷம்லாம் ஒரு பக்கத்துக்கு போட்டிருந்தீங்க. அதுல பாங்காக் மஞ்சள் ரப்பர் வாத்தும் இருந்துச்சு, கீழ ஜாலியான போராட்டம்னு ஒரே வரி. எனக்கு மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

நான் பாங்காக் சிலோம் ரோட்டுல ஒரு ரத்தினக் கல்லு கடையில 6 வருஷம் வேலை பாத்தவன். அந்த ரோட்டுல தான் நம்ம தமிழ் ஆளுங்க கட்டின மாரியம்மன் கோயில் இருக்கு. 2020 அக்டோபர் 29 சாயங்காலம் கோயில் முன்னாடி, அரசாங்கத்தையும் ராஜா அதிகாரத்தையும் எதிர்த்து போராடுன பசங்க சிவப்பு கம்பளம் விரிச்சு ஃபேஷன் ஷோ நடத்துனாங்க, ராஜா மகளோட துணி பிராண்டுக்கும் அதே நாள்ல ஊருக்குள்ள ஷோ, அதுக்கு போட்டியா இது. ஒரு பொண்ணு ரோஸ் கலர் தாய்லாந்து பட்டு உடுத்திட்டு மெதுவா நடந்து வருது, பின்னாடி ஒருத்தர் குடை புடிக்கிறாரு, ஓரத்துல நின்னவங்கல்லாம் அரண்மனை ஆளுங்க வந்தா உக்கார்ற மாதிரியே ரோட்டுல உக்காந்துட்டாங்க. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. எங்க கடையில கணக்கு எழுதுற அக்கா, அரண்மனைன்னு பேச்சு வந்தாலே குரலை தாழ்த்துறவங்க, அன்னைக்கு வாயை பொத்திகிட்டு சிரிச்சாங்க, சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அத்தன வருஷத்துல அவங்க அப்படி சிரிச்சு நான் பாத்ததே இல்ல சார்.

அப்படி நடந்துட்டு வந்த பொண்ணுக்கு 2022 செப்டம்பர்ல கோர்ட் 3 வருஷம் போட்டு 2 வருஷமா குறைச்சுது. அந்த ஊர் 112வது சட்டப்பிரிவு அப்படி, ராஜா, ராணியை அவமதிச்சதா சொன்னா ஒரு குத்தத்துக்கு 3லேர்ந்து 15 வருஷம் வரைக்கும் ஜெயில். அதே ஷோல வந்த 16 வயசு பையன் மேலயும் அதே பிரிவுல கேஸ்.

வாத்துக்கு வர்றேன். பார்லிமெண்ட் சாவோ பிரயா ஆத்தங்கரையில இருக்கு, ரோட்டை அடைச்சா ஆத்து வழியா வருவோம்னு கிண்டலுக்கு தான் காத்தடிச்ச வாத்தை கொண்டு வந்தாங்க. 2020 நவம்பர் 17 அன்னைக்கு உள்ள அரசியல் சட்டத்த மாத்துறத பத்தி பேசிட்டிருக்காங்க, வெளிய போலீஸ் கெமிக்கல் கலந்த தண்ணிய பீய்ச்சி அடிக்குது, கண்ணீர் புகை வேற, பசங்க அந்த வாத்தையே கேடயமா தூக்கி புடிச்சாங்க. அப்புறம் ஊர் பூரா வாத்து தான், ஹேர்க்ளிப்பு, பொம்மைன்னு. (போராட்டம் எங்கன்னு முதல்ல மோப்பம் புடிச்சு வந்து நிக்கிறது கறி உருண்டை பொரிக்கிற வண்டிக்காரங்க, அதனால அவங்களுக்கு அமெரிக்க உளவுத்துறை பேரையே, சிஐஏன்னு வச்சுட்டாங்க.)

அந்த வாத்து படம் போட்ட 2021 காலண்டர வித்ததுக்கு ஒருத்தரை 2020 டிசம்பர் 31 அன்னைக்கே புடிச்சாங்க, 2023 மார்ச்ல அவருக்கும் அதே 112ல 3 வருஷம், குறைச்சு 2. காலண்டர் வித்ததுக்கு சார்! அதே 2020ல பசங்க ஹாரி பாட்டர் மாதிரி மந்திரவாதி வேஷம் கட்டின கூட்டத்துல ராஜா பேரை வெளிப்படையா சொல்லி பேசுன வக்கீல் ஆனன் நம்பாவுக்கு, வேற ஒரு கூட்டத்துல பேசுனதுக்கு 2023 செப்டம்பர்ல 4 வருஷம், அதுக்கப்புறமும் ஒண்ணு மேல ஒண்ணா தீர்ப்பு.

பயந்து பயந்து வாழ்ந்த ஜனங்க வாயைத் திறக்குறதுக்கு அந்த பசங்க கண்டுபுடிச்ச வழி சார் அந்த கிண்டல். ராத்திரி கண்ணு முழிச்சு யோசிச்சு, என்ன ஆகும்னு தெரிஞ்சே செஞ்சாங்க. அதை வெறும் ஜாலின்னு ஒரு வரியில முடிச்சது தப்புன்னு நான் நினைக்கிறேன்.

நான் ஊருக்கு கிளம்புறப்ப அந்த அக்கா என் பொண்ணுக்குன்னு ஒரு வாத்து க்ளிப் குடுத்தாங்க, இன்னும் அதை போட்டுட்டு தான் ட்யூஷன் போறா. உங்க பக்கத்துல அந்த படத்தை பாத்துட்டு அப்பா நம்ம வாத்துன்னு ஓடி வந்தா. அவளுக்கு மீதிய நான் சொல்லிட்டேன். மத்த வாசகர்களுக்கு அடுத்த ஞாயிறு அதே பக்கத்துல, அதே சைஸ்ல நீங்க சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன், காரைக்குடி