'அனைவரும் தெரிவித்தனர்' என்ற வரி பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் நடைபெற்ற பொதுச் சுகாதாரச் சட்டம் தொடர்பான இரண்டு நாள் செயலமர்வு பற்றித் தங்கள் பத்திரிகை கடந்த வாரம் வெளியிட்ட செய்தியில், 'கலந்துகொண்ட அனைவரும் செயலமர்வு மிகவும் பயனுள்ளதாக அமைந்ததாகத் தெரிவித்தனர்' என்றொரு வரி இருந்தது. ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகனையும் அழைத்தார்களே என்ற மரியாதைக்காகக் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த நானும் அந்த அனைவருக்குள் ஒருவன். அப்படி எதையும் தெரிவித்ததாக எனக்கு நினைவில்லை.

நடந்தது இதுதான். இரண்டாம் நாள் மதியம் சோற்றுப் பார்சலோடு ஒரு தாளும் தந்தார்கள். மண்டபம், ஒலிபெருக்கி, உணவு, வளவாளர் என ஒவ்வொன்றுக்கும் எதிரே சிரித்த முகம் முதல் அழுத முகம் வரை ஐந்து முகங்கள். பக்கத்திலிருந்த இளம் பரிசோதகர், குழம்பு பட்ட வலக்கையைத் தூக்கிப் பிடித்தபடி, இடக்கையால் சிரித்த முகங்களை மளமளவென்று வட்டமிட்டார். தாளைக் கொடுத்தால்தான் சான்றிதழ். ஒரு பயிற்சியை மதிப்பிடுவதில் வந்தவர் திருப்தியடைந்தாரா என்பது முதற்படி மட்டுமே, கற்றாரா, வேலையில் மாறினாரா, பலன் கிட்டியதா என்று இன்னும் மூன்று படிகள் உண்டு என அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கேர்க்பற்றிக் 1959 இலேயே எழுதியது தாங்கள் அறியாததல்ல. நாம் இன்னும் முதற்படியிலேயே குந்தியிருக்கிறோம்.

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் பற்றி மட்டும் எத்தனையோ செயலமர்வுகளில் இருந்திருக்கிறேன். பரிசோதனைக்கு எடுக்கும் உணவு மாதிரியை மூன்றாகப் பிரித்து முத்திரையிட வேண்டும் என்பதைத் தூக்கத்திலும் ஒப்புவிப்பேன். ஆனால் ஒரு கடைக்காரர்மீது நான் தொடுத்த மிளகாய்த்தூள் வழக்கில், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மாதிரிப் பொதியை நீதவானுக்கு உயர்த்திக் காட்டி, அரக்கு முத்திரையின் விளிம்பு வெடித்திருப்பதைச் சுட்டியபோது என் வாய் அடைத்துப் போயிற்று. குறுக்கு விசாரணைக்கு எப்படி முகங்கொடுப்பது என்று ஒருவரும் ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை. வழக்குத் தள்ளுபடியானது. அடுத்த வாரம் அதே கடைக்காரர், 'வாங்க ஐயா, தேத்தண்ணி குடிப்பம்' என்று அன்பாக அழைத்தார்.

இம்முறையும் அதே கதைதான். 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2020 ஏப்ரல் 11 இல் வந்த ஒழுங்குவிதியால் கொரோனாவில் இறந்தோரை எரிப்பது கட்டாயமாகி, 2021 மார்ச்சில்தான் நமது மாவட்டத்து ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. அப்படியொரு விதி கையில் கிடைக்கும்போது களத்திலுள்ள அலுவலர் யாரிடம் எதைக் கேட்கலாம் என்று எழுந்து வினவினேன். 'நேரம் போதாது' என்றார்கள். நன்றியுரைக்கு மாத்திரம் அரை மணித்தியாலம் இருந்தது.

ஏற்பாட்டாளர்கள் ஆறு மாதம் கழித்து, வந்தவர்கள் தொடுத்த வழக்குகள் எத்தனை, தள்ளுபடியானவை எத்தனை, ஏன் என்று தமிழிலேயே ஒரு தாளில் கேட்கட்டும். தங்கள் நிருபரும் இனி 'அனைவரும்' என்று எழுதுமுன், கடைசி வரிசையிலிருக்கும் ஒருவரையாவது விசாரிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்,
களுவாஞ்சிக்குடி.