அக்கா, மாத்திரையை மாற்றிவிட்டேன்

அக்கா,

மன அழுத்தத்துக்கு நான் போடுகிற மாத்திரையை டாக்டர் மாற்றி எழுதிவிட்டார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். நீ போனை எடுப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். பாப்பா உனக்குப் படித்துக் காட்டுவாள். பாப்பா, நிறுத்தி நிதானமாகப் படி. உங்க அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

பழையதை ஒரேயடியாக நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே புதியதை மெதுவாக ஏற்றுகிறார்கள். புதியதைக் காலையில் சாப்பிட்ட பிறகு போட வேண்டும். இரண்டின் பெயரையும் இங்கே எழுதமாட்டேன், உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற யாராவது மருந்துக்கடையில் போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடக் கூடாது. ஒருத்தருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருத்தருக்கு ஒத்துக்கொள்ளாது.

மாத்திரை மாறுகிறது என்று போனில் சொன்னதும், "அப்ப அம்மா கனவுல வராதுல்ல? நீயே வேணாம்னு சொல்லிட்டியா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய்.

எர்ணாவூரில் உன் வீட்டில் தங்கியிருந்தபோது நடந்ததைத்தான் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போயிருந்தார்கள். நீ காசிமேட்டிலிருந்து வந்து கூடையை இறக்கினாய். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். "அம்மா வந்துச்சுக்கா" என்றேன். கனவில் என்று சொல்வதற்குள் நீ திரும்பித் தெருவைப் பார்த்துவிட்டாய். அப்புறம்தான் உனக்குப் புரிந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"இன்னா பொடவ கட்டியிருந்துச்சு?"

பச்சையில் மஞ்சள் கட்டம் போட்டது.

"மூக்குத்தி?"

இருந்தது. அடகுக்குப் போய்த் திரும்பாத அதே மூக்குத்தி.

"இருமுச்சா?"

இல்லை. இருமவே இல்லை. கால் வீக்கமும் வற்றியிருந்தது. கல்மண்டபம் மார்க்கெட்டில் குந்திக்கொண்டு வவ்வால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "பையை நல்லா விரிச்சிப் புடிடி" என்றாள். ஐஸ் தண்ணீர் சொட்டி என் கால் விரல் குளிர்ந்தது. விழித்த பிறகும் விரலைத் தொட்டுப் பார்த்தேன்.

நீ அழுதாய். கூடையில் சங்கரா மீன் அப்படியே கிடந்தது, ஐஸ் கரைந்து வாசல் வரை ஓடியது. வெயில் ஏறியும் நீ எழுந்திருக்கவில்லை. "மொதல்லருந்து சொல்லு" என்றாய். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாய். அன்றைக்கு வியாபாரமே போயிற்று. உன்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், மீனைக் கெட்டுப்போக விடுகிறவள் இல்லை நீ.

"எனக்கு ஒரு வாட்டிகூட வரலடி. மூத்தவ நான்தான?" என்றாய்.

அதற்கு நான் என்ன சொல்வேன்? அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில் தூக்கி உட்கார வைத்தது, துடைத்துவிட்டது, கஞ்சி ஊட்டியது எல்லாம் நீ. நான் அப்போது எந்த நிலைமையில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டாம். கடைசியில் கனவு மட்டும் எனக்கு வருகிறது. அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தை நான் செய்யவில்லை, அக்கா.

அதற்கப்புறம் நீ தினமும் காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்ததும், விடிகிறதற்கு முன்னாடியே, போன் பண்ண ஆரம்பித்தாய். ஹலோ கூடக் கிடையாது. "வந்துச்சா?" அவ்வளவுதான். கனவைப் பற்றி டாக்டரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். தூங்கும்போது மூடிய இமைக்குள் கண் வேகமாக ஓடுகிற ஒரு கட்டம் உண்டு. 1953-இல் சிகாகோவில் அசரின்ஸ்கி, கிளெய்ட்மன் என்ற இரண்டு பேர் அதைக் கண்டு எழுதினார்கள். அந்த நேரத்தில் ஒருத்தரை எழுப்பினால் பெரும்பாலும் கனவு சொல்வார். சாதாரணமாகத் தூங்கிச் சுமார் 90 நிமிடத்தில் முதல் முறை வரும். பிறகு விட்டு விட்டு வரும், விடியப் போகிற நேரத்தில்தான் ரொம்ப நீளமாக வரும்.

நீ போன் அடித்தது அந்த நேரத்தில். கனவின் நடுவில் எழுப்பிவிட்டு "வந்துச்சா?" என்று கேட்டால், வந்தது எல்லாம் கண் முன்னால் நிற்கத்தானே செய்யும்? மீன்பிடித் தடைக்காலத்தில் வரத்து குறைந்து நீ வீட்டில் இருந்த நாட்களில் போன் வரவில்லை. அந்த நாட்களில் எனக்குக் கனவும் அவ்வளவாக ஞாபகம் இல்லை. இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மாத்திரைக்கும் இதில் பங்கு உண்டு. மன அழுத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் பல, அந்தக் கனவுத் தூக்கத்தைத் தள்ளிப்போடும், குறைக்கும். அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெட்டியாக வருகிறது என்று டாக்டரிடம் நானும் கேட்டேன். கனவுகள் குறைந்தாலும் வருகிற கனவு சிலருக்கு அழுத்தமாக வரும், தூக்கம் துண்டு துண்டாவதால் நடுவில் விழித்து அது மனதில் தங்கிவிடும் என்றார். தூக்கத்தில் நான் கத்தியது, சுவரில் கையை ஓங்கி அடித்து விரல் வீங்கியது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கனவு ஓடும்போது கை கால் அசையாதபடி உடம்பு தன்னைக் கட்டி வைத்துக்கொள்ளுமாம். இந்த மாத்திரைகள் சிலருக்கு அந்தக் கட்டைத் தளர்த்திவிடும். எங்கள் ஹவுசிங் போர்டில் கீழ்வீட்டுக்காரர்கள் வேறு மாதிரி பேசினார்கள். நீ என்னைத் தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்து, கையில் கயிறு கட்டினாய். அதை இன்னும் அவிழ்க்கவில்லை, அக்கா. அவிழ்க்கவும் மாட்டேன்.

ஆனால் தெவசத்தின்போது நீ சொன்னதை என்னால் விழுங்க முடியவில்லை. "படைக்கிற நேரத்துல மாத்திர எதுக்கு? அம்மா வந்து நிக்கும், தெளிவா இரு" என்றாய். அந்த வாரம் மாத்திரையைத் தொடவில்லை. தலையைத் திருப்பினால் உள்ளே சுரீர் சுரீர் என்று கரண்ட் அடித்த மாதிரி இருந்தது. வேர்த்துக் கொட்டியது. சில மாத்திரைகள் சீக்கிரமே ரத்தத்திலிருந்து இறங்கிவிடும். என்னுடையது அந்த வகை. அது இறங்கியதும், அடங்கிக் கிடந்த கனவுத் தூக்கம் மொத்தமாகத் திரும்பி வந்து பாயும். நீ நல்லதுக்குத்தான் சொன்னாய். எனக்கு நடந்தது நல்லதாக இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

பாப்பா, இந்தப் பத்தியை முதலில் நீ மனதுக்குள் படி. உங்க அம்மா தாங்குவாள் என்று தோன்றினால் படித்துக் காட்டு.

அக்கா, நல்ல கனவுகளை மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். இன்னொன்று இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆறு, முகத்துவாரம், வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பாய்ப் படிந்ததே, அம்மா துணியும் பக்கெட்டும் எடுத்துக்கொண்டு உன் வீட்டைத் துடைக்க வந்தாளே, அந்தத் தண்ணீர்தான் கனவில். அம்மா இடுப்பளவு நிற்கிறாள். முடியெல்லாம் எண்ணெய். நான் கையை நீட்டுகிறேன். என்னைப் பார்க்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "நீ வேணாம். அக்காவக் கூப்புடு" என்கிறாள். நான் கத்துகிறேன். தண்ணீர் ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் உன்னைத்தான் கூப்பிடச் சொல்கிறாள்.

இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அம்மா தண்ணீரில் மூழ்குவதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கனவில்கூட என்னை வேண்டாம் என்கிறாளே என்ற ஆத்திரம். அது என் மனம் கட்டிவிட்ட கதை என்று டாக்டர் முன்னால் சொல்வேன். உன் முன்னால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. உன்னைத் தேடி வந்தாள் என்பதை உனக்குத் தராமல் வைத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள். இரவெல்லாம் அதைப் பார்த்துக் கிடந்தவள் நான் என்பதையும் மறந்துவிடாதே.

இதே மாதிரி மாத்திரை போடுகிற யாராவது இதைப் படித்தால், கனவுக்குப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் கனவையும் சொல்லுங்கள். தூக்கம் வருகிறதா என்று கேட்பார்கள், தூக்கத்தில் என்ன வருகிறது என்று பல பேர் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வேளையை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம், வழி இருக்கிறது. எனக்கு மாத்திரை வேண்டும். அது இல்லாமல் நான் எப்படி இருந்தேன் என்று பார்த்தவள் நீ. அதனால்தான் நிறுத்தவில்லை, மாற்றினேன். புது மாத்திரையில் அம்மா வருவாளா என்று கேட்டால், யாராலும் சொல்ல முடியாது. வராமல் போனால் எனக்கும்தான் இழப்பு.

டாக்டர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். அந்தக் கெட்ட கனவைப் பகலில் நோட்டில் எழுதி, முடிவை மட்டும் நமக்கு வேண்டியபடி மாற்றி, தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி அந்தப் புதுக் கதையை மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இது கெட்ட கனவுக்கு இருக்கிற வைத்தியம்தான். என் நோட்டில் நீ வருகிறாய். நான் கூப்பிட்டதும் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து தண்ணீரில் இறங்குகிறாய். அதுவரை எழுதிவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் வியாபாரம் முடிந்ததும் நோட்டோடு வருகிறேன். கோபம் இருந்தால் இருக்கட்டும், கதவை மட்டும் திற. அம்மாவை எப்படித் தூக்குவாய்? முதலில் தோளுக்கு அடியில் கை கொடுப்பாயா, இல்லை இடுப்பிலா? எந்தப் பக்கம் வலிக்கும் என்பாள்? நான் ஒரு நாளும் தூக்கியதில்லை, எனக்குத் தெரியாது. நீ சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன்.

உன் தங்கச்சி