இத்தாலியில் மூடிய ஆலையும் நம்மிடம் இல்லாத வரம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இத்தாலியில் விசென்சா நகர நீதிமன்றம் 2025 ஜூனில் ஒரு தீர்ப்பு சொன்னது. மிதேனி என்ற ரசாயன ஆலையோடு தொடர்புடைய 11 நிர்வாகிகளுக்குச் சிறை, எல்லாருடைய தண்டனையையும் கூட்டினால் 141 வருடம். ஊர்த் தண்ணீரைக் கெடுத்ததற்காக. இங்கே இந்தச் செய்தி பெரிதாக அடிபடவில்லை. ஆனால் இதன் அடுத்த பாதி மகாராஷ்டிராவில் நடப்பதால்தான் எழுதுகிறேன்.

ஆலை இருந்த இடம் திரிசினோ. பக்கத்திலேயே ஆர்சிஞ்ஞானோ, தோல் தொழிலில் இருப்பவர்கள் கேள்விப்பட்ட பெயர்தான். துணியிலும் தோலிலும் தண்ணீர், எண்ணெய் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் ஃபுளோரின் ரசாயனங்களை, அதாவது பிஎஃப்ஏஎஸ் என்கிறார்களே அந்த வகையை, 1960களிலிருந்தே அங்கே தயாரித்திருக்கிறார்கள். கழிவு மண்ணில் இறங்கி, சுற்றியுள்ள மூன்று மாவட்ட மக்கள் குடிக்கும் நிலத்தடி நீரில் கலந்துவிட்டது. நிறமில்லை, வாடையில்லை, யாருக்கும் சந்தேகம் வரவில்லை, 2013-ல்தான் விஷயம் வெளியே வந்தது. பாதிக்கப்பட்ட பகுதியில் சுமார் 3.5 லட்சம் பேர். பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த அம்மாக்கள் தெருவுக்கு வந்து போராடியிருக்காவிட்டால் இந்த வழக்கே இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

2018-ல் மிதேனி திவாலானது. அடுத்த வருடம் அதன் இயந்திரங்களையும் தொழில்நுட்பத்தையும் ஓர் இந்திய நிறுவனம் வாங்கி, ரத்னகிரி மாவட்டத்தில் உள்ள லோட்டே பரசுராம் தொழிற்பேட்டைக்குக் கொண்டுவந்தது. வாங்கியது குற்றமில்லை, அந்த ஆலை எதையோ கெடுத்துவிட்டது என்றும் நான் சொல்ல வரவில்லை. கெடுத்தால் கண்டுபிடிக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

குடிக்கும் தண்ணீரில் இந்த வகையைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்ற இரண்டு ரசாயனங்களும் தலா லிட்டருக்கு 4 நானோகிராமைத் (ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோகிராம்) தாண்டக்கூடாது என்று அமெரிக்கா 2024-ல் விதி போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையில் 20 ரசாயனங்களுக்கும் சேர்த்து 100 நானோகிராம் என்கிறது. நம் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500-ல் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. வரம்பே இல்லாவிட்டால் எந்த அதிகாரியும் ‘வரம்பு மீறவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடலாமே! இத்தனைக்கும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-லேயே பிஎஃப்ஓஏ மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்திவிட்டது. சென்னைத் தண்ணீரிலும் இந்த வகை ரசாயனங்கள் இருப்பதை ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள், ஆக இது எங்கேயோ ரத்னகிரிப் பக்கத்துப் பிரச்சினை என்று விட்டுவிடவும் முடியாது.

காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு: காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், இது அப்படியே தங்கும். ஆர்ஓ பெருமளவு பிரித்தெடுக்கும், உண்மைதான். பிரித்ததை எங்கே விடுகிறது? சாக்கடையில்.

நான் ராணிப்பேட்டைக்காரன். சிப்காட்டில் குரோமேட் ஆலை மூடி எத்தனையோ வருடமாகியும் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு அங்கேயே கிடந்ததை இந்த மாவட்டத்தில் எல்லாரும் அறிவார்கள். ஆலை போய்விடும், முதலாளியும் போய்விடுவார், கிணறு மட்டும் எங்கள் ஊரில்தான் இருக்கும்.

அதனால் ஐஎஸ் 10500-ல் பிஎஃப்ஏஎஸ் வரம்பை உடனே சேர்க்க வேண்டும். அதற்காகக் காத்திருக்காமல், இந்த ரசாயனங்களைத் தயாரிக்கும் அல்லது பயன்படுத்தும் ஆலைகளைச் சுற்றியுள்ள கிணறுகளில் இப்போதே தண்ணீர் எடுத்துச் சோதித்து, முடிவைத் தேதியோடு வெளியிட வேண்டும். பின்னால் வழக்கு என்று வந்தால் ‘இது முன்பிருந்தே இருந்தது’ என்று எந்த வக்கீலும் வாதாட இடம் இருக்கக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ராணிப்பேட்டை